நான் எழுதாமல் விட்ட மூன்று வரி

உன் முகத்தின் மேல் இன்று காலை சென்னாக்குன்னி, அந்தப் பொடி இறால், காய்ந்துகொண்டிருந்தது. உன் முதல் வருஷத் திதிக்குக் கட்டிய ஃபிளெக்ஸை யாரோ அவிழ்த்துக் கொண்டுபோய், வலைக்கூடத்துக்குப் பின்னால் மணலில் விரித்திருந்தார்கள். நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் குன்னி. அதற்குக் கீழே நீ சிரித்துக்கொண்டிருந்தாய். ஃபிளெக்ஸின் மண்ணெண்ணெய் வாடையும் குன்னியின் வாடையும் சேர்ந்து வெயிலில் எழும்பியபோது வயிற்றைப் புரட்டியது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அதே ஃபிளெக்ஸ் பழவேற்காடு பஸ் நிற்கும் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு இதைவிட அதிகமாகக் குமட்டியது.

அதில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா. "எங்கள் குப்பத்தின் கணினிச் செல்வமே, உன் கனவை நனவாக்குவோம்." அதற்குக் கீழே ஊர் நியாயம் பேசுகிற கிராமத்தார் பதினோரு பேரும் வட்ட வட்டமாக. நடுவில் தனபால் மாமா, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கும்பிட்டபடி. வலை கட்டுகிற உன் வீட்டு முறையை, அந்தப் பாட்டை, ஒரு சுற்று முழுக்க வெட்டின ஆட்கள் இவர்கள். உன்னைப் பெட்டியைத் தூக்கவைத்து ஊரைவிட்டு அனுப்பின ஆட்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையைச் சின்ன வயதில் படித்தோம், இந்த வருஷம்தான் கலர் ஃபோட்டோவோடு பார்த்தேன். தூ என்று துப்பலாம் போலத்தான் இருந்தது. துப்பவில்லை. ஏன் துப்பவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன்னைவிட நான் நாற்பது நாள் மூத்தவள். உன் அம்மாவும் என் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்த நாற்பது நாளுக்காக நீ என்னை "யக்கா" என்று இழுத்து இழுத்துக் கூப்பிடுவாய், மரியாதையினால் இல்லை, கிண்டலுக்கு. டிகிரி முடித்துவிட்டு இரண்டு பேரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, பொன்னேரியில் வெப்சைட் செய்யச் சொல்லித் தருகிறார்கள் என்று நீதான் நோட்டீஸ் கொண்டுவந்தாய்.

அந்த சென்டரை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஏசி போட்ட ஒரு மாடி அறை, ஒன்பது கம்ப்யூட்டர், அதில் நான்கு ஓடாது. சொல்லித்தர வந்தவர் தன் நோட்டைப் பார்த்துப் போர்டில் எழுதுவார், நாம் பார்த்து அடிக்கவேண்டும். ஏன் என்று கேட்டால், "எக்ஸாமுக்கு இது போதும்மா" என்பார். மூன்று மாதத்தில் நமக்குக் கலர் கலராக ஒரு பக்கம் செய்யத் தெரிந்தது. பட்டன் இருக்கும், அமுக்கினால் ஒன்றும் நடக்காது. திரும்பி வரும் பஸ்ஸில் நீ சொன்னாய், "இது இன்னா யக்கா, கடைக்கு போர்டு மட்டும் எழுதிட்டு உள்ள சரக்கே இல்லாத மாதிரி இருக்குது. அமுக்குனா பதில் சொல்றதுக்கு அந்தாண்ட ஒரு ஆள் வேணும்."

அந்த ஆள்தான் சர்வர். அதை நாமே கற்றுக்கொண்டோம். மீஞ்சூரில் பழைய லாப்டாப் ஒன்று வாங்கிவந்தாய். உப்புக்காற்று பட்டு அதன் இரண்டு எழுத்து சிக்கிக்கொள்ளும், வேகமாகத் தட்டினால் மூன்று முறை விழும். உங்கள் வீட்டில் சித்தி மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் உனக்கு சிக்னல் வரும். அங்கே உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்து, அந்த லாப்டாப்புக்குள்ளேயே சர்வரை ஏற்றினாய். கேட்பதும் அதே லாப்டாப், பதில் சொல்வதும் அதே லாப்டாப். முதலில் அது எனக்குப் புரியவே இல்லை. "தன்கிட்டயே தானே கேட்டுக்குதா, லூசாடா நீ" என்றேன். நீ கோபப்படவில்லை. உன் போனை எடுத்து, லாப்டாப்பின் நம்பரை அதில் அடித்துக் காட்டினாய். நீ எழுதிய பக்கம் போனில் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கம் போனுக்குள் இல்லை. போன் கேட்கிறது, வேறெங்கோ இருக்கிற ஒரு பெட்டி அதை அந்த நேரத்தில் தயார்செய்து அனுப்புகிறது. கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதிலும் மாறலாம்.

பேரைக் கேட்கிற கட்டம் ஒன்று வைத்தாய். பேரை அடித்து அனுப்பினால், சர்வர் அதை வாங்கி, "வாங்க" என்று சேர்த்துத் திருப்பி அனுப்பும். ஈரக்கையோடு வந்து நின்ற சித்தியின் பேரை அடித்தோம். "வாங்க, அஞ்சலை" என்று வந்தது. சித்தி பார்த்துவிட்டு, "இதுக்குதான் மூணு மாசம் பொன்னேரிக்குப் போனீங்களா, என் பேரு எனக்கே தெரியும்" என்று போய்விட்டார். நாம் சிரித்த சிரிப்பில் நைனா வந்து எட்டிப் பார்த்தார். உனக்கு நைனா, எனக்குச் சித்தப்பா. அவர் லாப்டாப்புக்குக் கீழே ஈரம் படாமல் ஒரு பலகையை வைத்துவிட்டுப் போனார்.

பாடு முறையை ஒரு வெப்சைட் பக்கமாகச் செய்யலாம் என்பது உன் யோசனை. சென்டர்காரரிடம் அதைச் சொன்னபோது, "அதென்ன பாடு" என்று கேட்டார். நீ விளக்கினாய். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடிதான். அதனால் கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு நம்பர், சீட்டுக் குலுக்கி இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை. அந்த முறைதான் பாடு. இறால் காலத்தில் நல்ல இடத்துப் பாடு ஒருநாள் தவறினாலும் அந்த வீட்டில் அந்த மாதமே தள்ளாடும். அவர் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ப்ராஜெக்டுக்கு ஆகாது தம்பி, ஹோட்டல் வெப்சைட் பண்ணு" என்றார். அவர் முகத்தில் ஒரு நக்கல் இருந்தது. அதை நான் மறக்கவே இல்லை.

இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். பட்டியல் நீ, பாடு மாற்றுகிற பக்கம் நான். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீட்டில் சாவு, ஒருவருக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், தன் நாளை இன்னொருவரோடு மாற்றிக்கொள்வது நம் வழக்கம்தானே. கரையில் நின்று, "என் பாடு உனுக்கு, உன் பாடு எனுக்கு" என்று சொன்னால் முடிந்தது. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வலைமேல் சொன்ன சொல் மாறாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் என் பக்கத்தில் இரண்டே கட்டம் வைத்தேன். ஒரு நம்பர், இன்னொரு நம்பர், கீழே "மாற்று" என்று ஒரு பட்டன்.

நீ அதைப் பார்த்துவிட்டு உன் போனில் ஏதோ இரண்டு நம்பரைத் தட்டி அமுக்கினாய். மாறிவிட்டது. "நான் யாருன்னு கேட்டுச்சா?" என்றாய்.

"நம்ம ஊர்ல பாடு மாத்த யாருடா ஆதாரம் கேட்டாங்க. யாராவது பொய் சொல்லி மாத்துவாங்களா" என்றேன்.

"கரையில நாலு பேரு பாத்துகினு இருக்காங்க யக்கா. இங்க யாரு பாக்குறா? போன்ல இருக்கறது அவன் கையில இருக்குது, அவன் இன்னா வேணா பண்ணுவான். சர்வர்ல இருக்கறது மட்டும்தான் நம்ம கையில இருக்குது. அங்க கேக்கணும். யாரு நீ, அவனும் ஒத்துக்கினானா, எப்போ மாத்துனே. மூணே வரி."

அது மூன்று வரியில்லை. இரண்டு தலைக்கட்டின் போனுக்கும் ஓடிபி மாதிரி ஒரு எண் அனுப்பி, அந்த எண்ணை வாங்கிச் சரிபார்த்து, யார் எப்போது மாற்றினார்கள் என்று எழுதிவைக்க முப்பது நாற்பது வரியாவது வரும். நீ எந்த வேலையையும் மூணு வரி என்றுதான் சொல்வாய். "நாளைக்கு எழுதிடறேன்" என்றேன். நீ நம்பினாய். நான் எழுதவில்லை. சோம்பேறித்தனம் மட்டுமில்லை, அதை எழுதுவது நம் ஆட்களைத் திருடன் என்று சொல்வது மாதிரி எனக்குப் பட்டது. இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சீ என்றும் வருகிறது. அப்படி நம்பிய அதே நான்தான், பெண்களுக்குப் பாடு முறையில் பேர் கிடையாது, ஊர்க்கூட்டத்தில் வாய் கிடையாது என்று இதே ஆட்களை நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தவள்.

பக்கம் ஓடியது. ஊரே போனில் பாடு பார்த்தது. பழைய நோட்டை எடுத்துப் பரணில் போட்டார்கள். ஐப்பசி அடைமழையில் இறால் ஏறிய சமயம், ஏழுமலைப் பெரியப்பா சென்னையில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். அவர் மகன் அவர் நாளுக்கு வலை கட்டப் போனால், அங்கே தனபால் மாமாவின் வலை நிற்கிறது. போனைத் திறந்தால் அந்த நாளில் தனபால் மாமாவின் நம்பர். அந்த நாள் மட்டுமில்லை, பெரியப்பாவின் நல்ல நாள் ஐந்தும் மாறியிருந்தது. யார் மாற்றினார்கள் என்று பார்க்க வழியில்லை. அதை எழுதிவைக்கிற வரிதான் இல்லையே.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் வழக்கம்போல வாசலோடு நின்றோம். நான் கோயில் மதிலுக்கு வெளிப்பக்கம் நின்றேன், எல்லாம் கேட்டது. தனபால் மாமா எழுந்து, "நான் இன்னா பண்ணேன்? போன்ல என் பேரு இருந்துது, போயி கட்னேன். கம்ப்யூட்டர் பொட்டிய வெச்சிருக்கறவனைக் கேளுங்க" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொன்னார். பெரியப்பா மூக்கில் டியூபோடு படுத்திருக்கிறார், இந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நியாயம் கேட்கிறார்.

அவர்கள் உன்னைக் கேட்டார்கள், "மாத்தற பட்டனை யாரு வெச்சது?"

நீ மதில் பக்கம் ஒருமுறை பார்த்தாய். "நான்தான்" என்றாய்.

நான் நான்கு அடி எடுத்துவைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. பெண்பிள்ளை கூட்டத்தில் பேசக்கூடாது என்பது ஊர்க் கட்டு. எந்தக் கட்டைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருமோ, அதன் பின்னாலேயே அன்றைக்கு நான் ஒளிந்துகொண்டேன். அவ்வளவு வசதியாக இருந்தது. இதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததில்லை. உன் வீட்டுப் பாடு ஒரு சுற்றுக்கு வெட்டு என்று தீர்ப்புச் சொன்னபோது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி அழுகிற சத்தம் கேட்டது.

ஏரியையும் கடலையும் தவிர வேறெதிலும் கைவைக்காத நைனா, அந்த இறால் காலம் முழுக்க உள்நாட்டு ஊர்களுக்கு நெல் மூட்டை தூக்கப் போனார். காலையில் கரையில் எல்லோரும் வலை ஏற்றும்போது அவர் மட்டும் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார். கொஞ்ச நாளில் நீயும் கிளம்பினாய். சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிற வேலை. பஸ் ஏற்ற வந்த என்னிடம் நீ கோபமாக ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "யக்கா, அந்த மூணு வரியை எழுதிடு" என்றாய்.

நான் பக்கத்தையே மூடிவிட்டேன். ஊர் பரணிலிருந்து நோட்டை இறக்கிக்கொண்டது. அப்புறம் எனக்கும் ஒரு கம்பெனி வேலை கிடைத்தது, வீட்டிலிருந்தே செய்வது. என் வேலை என்ன தெரியுமா. எவனோ எழுதிய பக்கத்தில், வருகிற ஆள் யாரென்று சர்வர் கேட்கிறதா என்று பார்ப்பது. ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் அந்த மூன்று வரியை எழுதிக் கொடுத்தேன்.

உனக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் போனில் சொன்னாய், ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய் என்று உன் அறைக்காரப் பையன் சொன்னான். உன் லாப்டாப்பையும் போனையும் சித்தி என்னிடம் தள்ளிவிட்டார். "நீயே வெச்சிக்கோ, எனுக்கு இதைப் பாத்தா வயிறு எரியுது" என்றார். வாங்கிக்கொண்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

திதிக்கு மறுநாள் தனபால் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டு பேசினார். "நோட்டு பேஜாரா இருக்குதும்மா. தம்பி ஞாபகமா நீயே அந்தப் பக்கத்தைத் திருப்பி ஓட்டு. அவன் பேரையே மேல போட்டுடலாம்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பழைய பட்டன் மாதிரியே இருக்கட்டும். ரெண்டு நம்பரைப் போட்டு அமுக்குனா மாறிடும் பாரு, ஒண்ணுமே கேக்காது. நமுக்கு அது பழக்கம்."

அன்றைக்கு மாற்றியது தான்தான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதுகூட அந்த ஆளுக்கு உறைக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார். ஃபிளெக்ஸில் கும்பிட்ட அதே கை. ஏதாவது சொல்ல வாயெடுத்தபோதுதான் தெரிந்தது, இந்த ஆளைத் திட்ட எனக்கு வாயில்லை. அவர் அந்த ஓட்டையில் நுழைந்தார், நான்தான் ஓட்டையை வைத்தேன். அவர் உன்மேல் பழியைப் போட்டார், நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஃபிளெக்ஸ் கட்டினார், நான் உன் லாப்டாப்பைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். துப்புவதென்றால் முதலில் என்மேல் துப்பிக்கொள்ள வேண்டும். அதனால்தான் துப்பவில்லை.

"எழுதறேன் மாமா. கூட்டத்துல காட்டறேன்" என்றேன்.

உன் லாப்டாப்பிலேயே உட்கார்ந்து எழுதினேன். அந்த இரண்டு எழுத்தும் இன்னும் சிக்குகிறது. யாரு நீ, அவனும் ஒத்துக்கினானா, எப்போ மாத்துனே. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு வரி. ஒரே நாள் வேலை. ஒரு நாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மதிலைத் தாண்டி உள்ளே போனேன். "பொம்பளைக்கு இங்க இன்னா வேலை" என்று ஒரு குரல் வந்தது. இன்னொரு குரல், "அந்தப் பொண்ணுதான பண்ணிருக்குது, சொல்லட்டும்" என்றது. தனபால் மாமா, வா வா என்று கை காட்டினார். லாப்டாப்பைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அன்னிக்கு மாத்தற பட்டனை வெச்சது அவன் இல்ல. நான். யாரு மாத்தறாங்கன்னு கேக்கணும்னு அவன் சொன்னான். நான் எழுதல. அன்னிக்கு மதிலுக்கு அந்தாண்ட நின்னுகினு இருந்தேன், எல்லாம் கேட்டேன், பேசல. பழைய பட்டன் மாதிரியே வேணும்னு போன வாரம் தனபால் மாமா எங்க வீட்டுக்கு வந்து கேட்டாரு. ஒண்ணுமே கேக்காம மாறும், பழக்கம்னு சொன்னாரு. அது எப்படிப் பழக்கமாச்சுன்னு அவரைக் கேளுங்க."

கூச்சல் எழுந்தது. ஏழுமலைப் பெரியப்பாவின் மகன் தனபால் மாமாவின் சட்டையைப் பிடித்தான், நான்கு பேர் பிடித்து விலக்கினார்கள். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எல்லோருக்கும் பின்னால், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெதுவாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "புள்ள ஊரோட இருந்திருக்கும்."

வெளியே நடந்தார்.

தனபால் மாமாவுக்கு இரண்டு சுற்றுப் பாடு வெட்டு. எனக்கு என்ன தண்டனை என்று யாரும் பேசவில்லை, தலைக்கட்டு இல்லாதவளிடம் வெட்ட என்ன இருக்கிறது. பக்கம் ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன் நம்பர் வாங்கிப் பதிந்தேன். உங்கள் வீட்டுக்குப் பழைய பட்டியலில் இருந்தது உன் நம்பர். மாற்றட்டுமா என்று சித்தியிடம் கேட்டனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நைனாவின் குரல் வந்தது. "அந்த நம்பரே இருக்கட்டும்."

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. தவறாமல் ரீசார்ஜ் செய்கிறேன், சார்ஜ் போட்டு வைக்கிறேன்.

நைனா என்னோடு பேசுவதில்லை. நேருக்கு நேர் வந்தால் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார். ஆனால் சர்வர் அனுப்புகிற எண் உன் போனுக்குத்தான் வரும், பாடு மாற்றவேண்டிய நாளில் என் வாசலுக்கு வந்துதான் ஆகவேண்டும். போன வாரம் வந்தார். இடுப்புவலி, அடுத்த நாள் பாட்டை ஏழுமலைப் பெரியப்பாவுக்கு மாற்றுகிறார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. "நம்பரு வந்துச்சா" என்றார். உன் போனை எடுத்து, வந்திருந்த நான்கு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னேன். அவர் தன் போனில் ஒன்றையும் அடிக்கவில்லை. கையை நீட்டினார். உன் போனை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கிட்டே வைத்து, நான் சொன்னது சரிதானா என்று ஒவ்வொரு எண்ணாகத் தானே பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் நான் நின்றுகொண்டிருந்தேன்.